டிரம்ப் புறநகரைக் காப்பாற்றினாராமே, யாரிடமிருந்து? கடச்சனேந்தலிலிருந்து ஒரு சந்தேகம்

அழகர்ரோட்டுக்காரி கேட்டது:

வணக்கம். வம்பு வளர்க்கக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

என் தம்பி நியூஜெர்சியில் இருக்கிறான். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அவன் டிரம்ப் கட்சி, சித்தப்பா மகன் எதிர்க்கட்சி. விசா, வரி என்று ஏதாவது பிடித்து அடித்துக்கொள்வார்கள். நாங்கள் காலை வணக்கப் படம் நாலைப் போட்டு அமுக்கிவிடுவோம். இந்தத் தடவை அமுங்கவில்லை. தம்பி சொல்கிறான்: "புறநகரை ஒழிக்க ஒபாமா ஒரு சட்டம் போட்டார், டிரம்ப் எடுத்தார். பைடன் திரும்பக் கொண்டுவந்தார், டிரம்ப் வந்து மறுபடியும் எடுத்துவிட்டார். இல்லையென்றால் என் வீட்டை ஒட்டியே ஏழைகளுக்கு அடுக்குமாடி வந்திருக்கும், வீட்டு விலை விழுந்திருக்கும்." சித்தப்பா மகன், "அது சட்டமே இல்லை, வெறும் ஃபாரம்" என்கிறான்.

ஒரு நாட்டு ஜனாதிபதிக்கு யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் குடிவருகிறார்கள் என்பதில் என்ன வேலை? நம் பக்கம் புறநகர் என்றால் மனை மலிவு, ரோடு குண்டும் குழியும், தண்ணிக்கு லாரி. காசு உள்ளவன் கே.கே.நகரில் இருப்பான். அதைக் காப்பாற்றுகிறேன் என்று இங்கே ஒருவர் ஓட்டுக் கேட்டால் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் லேஅவுட்டை ஒட்டிய இடத்தில் அரசாங்கம் ஏழைகளுக்கு அடுக்குமாடி கட்டப்போவதாகப் பேச்சு. அசோசியேஷனில் எதிர்ப்பு மனு தயார், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறார்கள். தம்பிக்கும் இங்கே ஒரு மனை கிடக்கிறது. "அக்கா, எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடு" என்கிறான். அதனால்தான் கேட்கிறேன்.

சங்கிலி சர்வேயர்:

அம்மா, சித்தப்பா மகன் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்டே வருகிறது. ஆனால் வெறும் ஃபாரம் என்று தள்ளிவிடவும் முடியாது.

மதுரையைச் சுற்றி மனை அளந்து, லேஅவுட் வரைபடம் போட்டுக் கொடுத்தே பிழைத்தவன் நான். மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது போனேன். வீட்டில் சும்மா உட்காரக் கை ஓடவில்லை. ஒருநாள் அந்த டவுன்ஷிப் ஆபீசுக்கு நடந்தேன். சுவரில் ஊர் வரைபடம் மாட்டியிருந்தது. நம் ஆட்கள் புலப்படத்தைப் பார்க்கிற மாதிரி மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஊரில் முக்கால்வாசி மஞ்சள். மஞ்சள் என்றால் ஒரு மனையில் ஒரே வீடு, ஒரே குடும்பம். கீழே அட்டவணையில் பெரிய மஞ்சளுக்குக் குறைந்தபட்ச மனை அளவு ஒரு ஏக்கர் என்று இருந்தது. நூறு சென்ட்! கடச்சனேந்தலில் நூறு சென்ட் கையில் கிடைத்தால், ரோட்டுக்கும் பூங்காவுக்கும் போக, மூணு சென்ட் மனையாக இருபதாவது போட்டுவிடுவேன். அங்கே இருபதாகப் பிரித்தால் சட்டவிரோதம். ஏழையை வராதே என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சின்ன மனையே கிடையாது என்றால் அவன் எப்படி வருவான்?

இப்படிப் பகுதி பிரிப்பது ஊராட்சியின் அதிகாரம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல், ஓஹியோவில் யூக்ளிட் என்ற ஊர் சம்பந்தப்பட்ட வழக்கில், முத்திரை குத்திவிட்டது. ஜனாதிபதி யாராக இருந்தாலும் அந்த மஞ்சளை அழிக்க முடியாது. முதலில் இதை உங்கள் தம்பிக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் ஜனாதிபதி எங்கே வருகிறார்? பணத்தில். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், 11ஆம் தேதி, அப்போதைய ஜனாதிபதி ஜான்சன் நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நிறம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்பது அதில் ஒரு பாதி. மத்திய அரசின் வீட்டுவசதிப் பணம் போகிற இடத்தில் பிரிவினையைக் குறைக்க முனைந்து வேலை செய்ய வேண்டும் என்பது மறுபாதி. இந்த மறுபாதியை ரொம்ப காலம் யாரும் பெரிதாக அமல்படுத்தவில்லை. 2015இல் ஒபாமா அரசு அதற்கு விதி எழுதியது. மானியம் வாங்குகிற ஊர்கள், தங்கள் எல்லைக்குள் யார் எங்கே ஒதுங்கிக் கிடக்கிறார்கள், நல்ல பள்ளியும் வேலையும் யாருக்கு எட்டவில்லை என்று கணக்குப் பார்த்து, என்ன செய்யப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சித்தப்பா மகன் சொன்ன ஃபாரம் அதுதான். மஞ்சளை அழி என்று அதில் ஒரு வரியும் இல்லை. வேலை ஒழுங்காகத் தொடங்குவதற்குள் 2018இல் டிரம்ப் அரசு நிறுத்திவைத்தது. 2020 ஜூலையில், தேர்தலுக்கு முன்னால், ஒரேயடியாக நீக்கியது. அந்த மாதமே அவர் ட்விட்டரில், புறநகர் வாழ்க்கைக் கனவில் இருப்பவர்களுக்கு இனி குறைந்த வருமானக்காரர்களின் வீடுகளால் தொந்தரவு இருக்காது என்று எழுதினார். 2021இல் பைடன் விதியின் ஒரு பகுதியை மட்டும் திரும்பக் கொண்டுவந்தார். 2025இல் மறுபடி போய்விட்டது. நியூஜெர்சியில் உங்கள் தம்பி தெருவில் இந்த எடுப்பிலும் வைப்பிலும் ஒரு செங்கல்கூட நகர்ந்திருக்காது.

அங்கே உண்மையில் செங்கலை நகர்த்தியது வாஷிங்டன் இல்லை, அந்த மாநில நீதிமன்றம். பிலடெல்பியாவுக்கு எதிர்க்கரையில் மவுண்ட் லாரல் என்று ஒரு ஊர். பண்ணை நிலமெல்லாம் வீட்டு மனையாகிக்கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த கறுப்பினக் குடும்பங்கள் பழைய குடிசைகளில் கிடந்தன. ஊர் அதையும் ஒவ்வொன்றாக இடிக்கத் தொடங்கியது. 36 சின்ன வீடுகள் கட்டிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். 1970இல் அவர்களுடைய தேவாலயத்துக்கே வந்து மேயர் சொன்ன பதில்: இந்த ஊரில் இருக்க வசதியில்லை என்றால் ஊரைவிட்டுப் போங்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தல் லாரன்ஸ் என்ற அம்மாவும் ஒருவர். அவர் வழக்குப் போட்டார். 1975இல் மாநில உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு ஊரும் ஏழை எளியவர்களின் வீட்டுத் தேவையில் தன் பங்கைச் சுமந்தே ஆக வேண்டும் என்றது. 1983இல் இன்னும் அழுத்திச் சொன்னது. அப்படியும் அந்த ஊரில் முதல் வீடுகளில் ஆள் குடியேற 2000 ஆகிவிட்டது. லாரன்ஸ் 1994இலேயே இறந்துவிட்டார். அவர் பெயரைத்தான் அந்தக் குடியிருப்புக்கு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் தம்பி ஊருக்கும் இந்தக் கடமை உண்டு. 2024இல் அந்த மாநிலம் புதுச் சட்டம் போட்டு, 2025 முதல் 2035 வரைக்கும் ஊர்வாரியாகப் பங்கு பிரித்திருக்கிறது. ஆக, பக்கத்தில் அடுக்குமாடி வந்தால் அது மாநிலத் தலைநகர் டிரென்டன் செய்த வேலை. டிரம்ப் காப்பாற்றவும் இல்லை, ஒபாமா கெடுக்கவும் இல்லை.

எடிசன்வாசி:

அண்ணே, எல்லாம் சரி. ஆனால் வீடு வாங்கியவன் நெஞ்சு அடித்துக்கொள்வதையும் கொஞ்சம் பாருங்கள். நானும் நியூஜெர்சிதான். இந்த மாநிலத்தில் சராசரி வீட்டு வரி வருஷத்துக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் டாலர். அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. முப்பது வருஷக் கடன். பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் இந்த முகவரியையே வாங்கினோம். இருநூறு வீட்டுக்கு அடுக்குமாடி வந்தால் வகுப்பில் பிள்ளைகள் கூடும், வரி ஏறும். இதைச் சொன்னாலே இனவெறியன் என்கிறார்கள். என் தெருவில் "எல்லோரையும் வரவேற்கிறோம்" என்று புல்வெளியில் பலகை நட்டு வைத்திருக்கிற ஜனநாயகக் கட்சிக்காரர்தான், பிளானிங் போர்டு கூட்டத்தில் போக்குவரத்து நெரிசல் என்று முதல் ஆளாக மைக்கைப் பிடித்தார். டிரம்ப் வெளிப்படையாகச் சொல்கிறார், இவர்கள் மரியாதையாகச் சொல்கிறார்கள். இதுதான் வித்தியாசம்.

சங்கிலி சர்வேயர்:

தம்பி, அந்தப் பலகைக்காரர் கதையை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி கோலோச்சுகிற ஊர்களிலும் இதே கதைதான். ஒரு மனையில் ஒரே வீடு என்ற விதியைத் தளர்த்த அந்த மாநிலம் 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீங்கள் பள்ளிக்கூடத்தைச் சொன்னீர்களே, சூட்சுமம் அங்கேதான். கடச்சனேந்தலில் இருக்கிறவர் பிள்ளையை வேன் ஏற்றி மதுரையில் எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பக்கத்துத் தெருவில் யார் குடியிருந்தாலும் அந்தப் பள்ளிக்கு ஒன்றும் ஆகாது. அங்கே முகவரிதான் பள்ளிக்கூடம். ஊர் வரிதான் வாத்தியார் சம்பளம். அதனால்தான் மனை அளவுக்காக அங்கே அத்தனை சண்டை. நம்மிடம் இல்லாத பயம் அது.

ஆனால் விலை விழும் என்கிறீர்களே, அதை அளந்து பார்த்திருக்கிறார்கள். எத்தல் லாரன்ஸ் பெயரில் உள்ள அந்த 140 வீட்டுக் குடியிருப்பைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக சமூகவியலாளர் டக்ளஸ் மேஸியின் குழு, அதே மாதிரியான பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது. குடியிருப்பு வந்ததால் வீட்டு விலை இறங்கவில்லை, குற்றம் கூடவில்லை, வரியும் ஏறவில்லை. சுற்றியிருந்தவர்களில் பலருக்கு அந்தக் குடியிருப்பின் பெயரே தெரியவில்லையாம். ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காகப் பராமரித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மோசமாகக் கட்டினால் எந்த வீடும் தெருவைக் கெடுக்கும், பங்களா உட்பட.

நியூஜெர்சியில் இன்னொரு வேடிக்கை நடந்தது. வசதியான ஊர் தன் பங்கில் பாதியைப் பணம் கட்டி ஏழை நகரத்தின் தலையில் இறக்கிவிட 2008 வரைக்கும் வழி வைத்திருந்தார்கள். இங்கே மட்டும் என்ன? பெரிய மனைப்பிரிவு என்றால் பத்து சதவீதம் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்பது நம் மாநில விதி. அந்த மனைகளை வரைபடத்தில் எங்கே போடச் சொல்வார்கள் என்பதை நான் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். கண்மாய்க் கரையோரம், ஹைடென்ஷன் கம்பிக்குப் பக்கம், முட்டுச்சந்து முனை. "அதை முகப்பில் போட்டுடாதீங்க சர்வேயர், பார்ட்டி ஓடிடும்" என்பார்கள். நானும் பென்சிலைக் கரைப் பக்கம் நகர்த்துவேன். பெரிய கட்டடக்காரர்களுக்கோ பணமாகக் கட்டிவிட்டுக் கிளம்பவே வழி இருக்கிறது.

வாடகைக்கு வீடு:

ஜோனிங் என்கிற இந்தப் பகுதி பிரிப்பெல்லாம் பெரிய ஆட்கள் விஷயம். நான் வாடகைக்காரன் கதையைச் சொல்கிறேன். 1973 அக்டோபரில் அமெரிக்க நீதித் துறை நியூயார்க்கில் ஒரு வீட்டு முதலாளி கம்பெனி மேல் வழக்குப் போட்டது. கறுப்பினத்தவர் வந்து கேட்டால் வீடு காலி இல்லை என்கிறார்கள், வெள்ளையர் வந்தால் சாவியை எடுக்கிறார்கள் என்று புகார். சோதித்துப் பார்க்க இரண்டு நிறத்திலும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். கம்பெனி ஃபிரெட் டிரம்ப்புடையது. தலைவர் நாற்காலியில் இருபத்தேழு வயது டொனால்ட். ராய் கோன் என்ற வக்கீலை வைத்து, அரசாங்கம் எங்களுக்கு நூறு மில்லியன் டாலர் தரவேண்டும் என்று எதிர்வழக்குப் போட்டார்கள். அது நிற்கவில்லை. 1975இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சமரச உத்தரவில் கையெழுத்துப் போட்டார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு தெரியுமா? சர்வேயர் ஐயா சொன்ன அதே 1968 சட்டம்.

அந்த இரண்டு ஆள் சோதனையை மதுரையில் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். செய்யவே வேண்டாம். நான் நாராயணபுரம், ஐயர் பங்களா பக்கம் வீடு தேடியபோது வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிந்த பிறகு கடைசியாகச் சாதாரணமாகக் கேட்பார்கள்: "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, காலனியா?" பதில் சொன்னதும், மகன் குடிவரப் போவதாக வீட்டுக்காரருக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிடும்.

ஓய்வு வாத்தியார்:

டிரம்போடு நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பாட்டை முதலில் பாடியவர் எழுபதுகளின் தொடக்கத்தில் ஜனாதிபதியாக இருந்த நிக்சன். அவருடைய வீட்டுவசதித் துறை அமைச்சர் ஜார்ஜ் ராம்னி, மிச்சிகன் மாநில முன்னாள் ஆளுநர், அதே குடியரசுக் கட்சி. புறநகர்களைத் திறந்துவிட்டால்தான் நகரங்கள் எரியாமல் இருக்கும் என்று நம்பிய மனிதர். டெட்ராய்ட் கலவரத்தை 1967இல் ஆளுநராக இருந்து பார்த்தவர் அல்லவா. டெட்ராய்ட்டை ஒட்டி வாரன் என்றொரு ஊர். அங்கே கார் தொழிற்சாலைகளில் கறுப்பினத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். இருட்டினால் டெட்ராய்ட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ஏறத்தாழ 1,80,000 பேர் வாழ்ந்த அந்த ஊரில் கறுப்பினக் குடும்பங்கள் முப்பதுகூட இல்லை. 1970இல் ராம்னி, வீட்டுவசதியில் பாகுபாட்டை விடாவிட்டால் மானியம் கிடையாது என்றார். பேச்சுவார்த்தைக்குப் போன அமைச்சரைக் கூட்டம் கூச்சல் போட்டு விரட்டியது. போலீஸ் நடுவில் புகுந்து கூட்டி வந்தார்கள். நவம்பரில் வாரன் மக்கள் ஓட்டுப் போட்டு, அந்த மானியமே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நிக்சனுக்குப் புறநகர் ஓட்டு வேண்டும். 1971 ஜூனில், புறநகர்களில் ஏழைகளைக் கலக்க மத்திய அரசு வற்புறுத்தாது என்று அறிக்கை விட்டார். 1973 ஜனவரியில் மானிய வீட்டுத் திட்டங்களையே நிறுத்திவைத்தார். ராம்னியும் வெளியேறினார். அவர் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் சாதாரண ஜனங்களின் வாழ்க்கையில் இது அதைவிடப் பெரிய காரியம்.

எழுமலைப் பக்கம் வேலை பார்த்தவன் நான். உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து வைக்க 1989இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை 2008 மே மாதம் இடித்து வழி விட்டபோது, ஊரைவிட்டே வெளியேறி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்த மற்ற சாதிக்காரர்களும் உண்டு. மானியம் வேண்டாம் என்ற வாரன்காரர்களைப் படித்தபோது எனக்கு அவர்கள் நினைப்புத்தான் வந்தது.

அழகர்ரோட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. எடிசன்வாசி தம்பி, நீங்கள் என் தம்பியாக இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள், நடை அப்படியே அவன் நடை!

சர்வேயர் ஐயா, மனுவைப் படித்துப் பார்த்தேன். நாலு பத்தி. ஒன்று, ரோடு இருபது அடிதான், இத்தனை குடும்பத்துக்குத் தாங்காது. இரண்டு, கண்மாய் மறுகால் தண்ணீர் போகிற பாதையில் கட்டடம் வருகிறது, மழைக்கு எங்கள் தெருவில் வந்து நிற்கும். மூன்று, "வெளியிலிருந்து குடியேற்றப்படுபவர்களால் பெண்கள், குழந்தைகளின் பாதுகாப்பு கேள்விக்குறியாகும்." நாலு, மனை மதிப்பு குறையும். முதல் இரண்டும் நியாயமாகத்தான் தெரிகிறது. என்ன செய்ய?

சங்கிலி சர்வேயர்:

முதல் இரண்டையும் எதிர்ப்பாக எழுதாமல் கோரிக்கையாக எழுதச் சொல்லுங்கள். ரோட்டை அகலப்படுத்து, வடிகால் போடு, பஸ் விடு. அதெல்லாம் வரப்போகிறவர்களுக்கும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். நகருக்குள் இருந்த ஜனங்களை ராஜாக்கூரில் கொண்டுபோய் வைத்தபோது, வேலைக்குப் போக எத்தனை அல்லாடினார்கள் என்று ஒத்தக்கடைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அமெரிக்காவில் ஏழையை நகருக்குள்ளேயே மடக்கி வைத்தார்கள், நாம் நகரைவிட்டு வெளியே தள்ளினோம்.

மறுகால் விஷயம் கனமானது, விடாதீர்கள். புல எண்ணைப் போடுங்கள், கிராம வரைபட நகலை இணையுங்கள். நீர்வழிப் பாதை என்றால் நீதிமன்றம்கூடக் காது கொடுக்கும். அது உண்மையாக இருந்தால் வேறு இடத்தில் கட்டச் சொல்லலாம். இருநூறு மீட்டர் தள்ளி, அதே ஊரில். அதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள், அப்போதுதான் உங்கள் அசோசியேஷனில் யாருக்குத் தண்ணீர் கவலை, யாருக்கு வேறு கவலை என்று தெரியும்.

மூன்றாவது பத்தியை அடித்தால் கையெழுத்துப் போடுங்கள், அடிக்காவிட்டால் வேண்டாம். நாலாவது கிடக்கட்டும், அதைப் படித்து எந்தக் கலெக்டரும் மனம் மாறப்போவதில்லை.

தம்பிக்காக நீங்கள் போட முடியாது. மனை அவர் பேரில் இருக்கிறது, உங்களுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? இல்லையென்றால் அவரே ஆன்லைனில் மனு போடட்டும். மூன்றாவது பத்தியைத் தன் பேரில், தன் நியூஜெர்சி முகவரி போட்டு எழுதுவாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.